பொங்கல் முடிந்ததும் காலியாகும் பெஞ்சுகள்: பள்ளிக் கல்வித்துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய பள்ளிக் கல்வித்துறை அதிகாரிகளுக்கும், ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத்துறை அதிகாரிகளுக்கும்,

வணக்கம். விழுப்புரம் மாவட்டத்தில், திண்டிவனத்துக்கும் மரக்காணத்துக்கும் இடைப்பட்ட ஊர்களில், அரசுப் பள்ளிகளில் 31 வருஷம் வேலை பார்த்துவிட்டு ஓய்வு பெற்ற ஆசிரியை நான். எந்தச் சங்கத்தின் சார்பிலும் இதை எழுதவில்லை. என் வகுப்பில் உட்கார்ந்திருந்து பிறகு இல்லாமல் போன பெண் பிள்ளைகளுக்காக எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் போகும், பொறுமையாகப் படியுங்கள்.

எங்கள் பக்கத்து ஏரிக்கரைகளிலும் ஓடைப் புறம்போக்குகளிலும் இருளர் குடும்பங்கள் இருக்கின்றன, உங்களுக்குத் தெரியும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பழங்குடியினர் 7.94 லட்சம் பேர், அதில் கிட்டத்தட்ட 1.9 லட்சம் பேர் இருளர்கள். அதே கணக்கெடுப்பில் மாநிலத்தின் எழுத்தறிவு 80 சதவீதம், பழங்குடியினரின் எழுத்தறிவு 54.3, பழங்குடிப் பெண்களுடையது 46.8. நூறு பெண்களில் பாதிப் பேருக்குக்கூட எழுதப் படிக்கத் தெரியாது என்று பொருள். அந்தக் கணக்கு எடுத்தபோது என் வகுப்பில் இருந்த இருளர் பிள்ளைகள் இன்று தாய்மார்கள், அவர்களுடைய பிள்ளைகள் இப்போது பள்ளி வயதில் இருக்கிறார்கள்.

ஜூன் மாதம் பள்ளி திறந்தால் என் வருகைப் பதிவேட்டில் இருளர் குடியிருப்புப் பிள்ளைகளின் பெயர்கள் ஒழுங்காக இருக்கும். ஆள் ஜூலையில்தான் வரும், சில வருஷம் ஆடி பிறந்த பிறகுதான் வரும். வந்துவிட்டால் பிள்ளைகள் நன்றாகத்தான் படிப்பார்கள், எதையும் சட்டென்று பிடித்துக்கொள்கிற பிள்ளைகள். காலாண்டு போகும், அரையாண்டு போகும். பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்தால் பெஞ்சு காலியாக இருக்கும். குடும்பத்தோடு செங்கல் சூளைக்குப் போயிருப்பார்கள். சிலர் கரும்பு வெட்ட, சிலர் சவுக்கு வெட்ட, சிலர் கரிமூட்டம் போட. ஆனால் எங்கள் பகுதியில் அதிகம் சூளைதான், அதுவும் செங்கல்பட்டு, திருவள்ளூர் பக்கத்துச் சூளைகள்.

முதல் ஏழு வகுப்புகளுக்கு வருஷத்தை மூன்று பருவமாகப் பிரித்துத்தானே பாடப்புத்தகம் கொடுக்கிறோம். இந்தப் பிள்ளைகள் மூன்றாம் பருவப் புத்தகத்தைப் பார்ப்பதே இல்லை. கணக்கில் பின்னமும் தசமமும் எந்தப் பருவத்தில் வருகிறதோ அதைப் பொறுத்துத்தான் அந்தப் பிள்ளைக்கு வாழ்நாள் முழுக்கப் பின்னம் தெரியுமா தெரியாதா என்பது தீர்மானமாகிறது. மூன்று வருஷம் இப்படியே போனால் ஒரு முழு வருஷப் படிப்பு போய்விடுகிறது. எட்டாவது வரை தேர்ச்சி போட்டுவிடுகிறோம், அது சரிதான், பிள்ளையை ஃபெயிலாக்கி வெளியே தள்ளுவதைவிட அது எவ்வளவோ மேல். ஆனால் ஒன்பதாவது போகும்போது அந்தப் பிள்ளை கையில் இருப்பது ஐந்தாம் வகுப்பு மாணவிக்குத் தெரிந்ததுதான், அதற்கப்புறம் அவள் பள்ளியில் எத்தனை நாள் தாங்குவாள், சொல்லுங்கள்.

சூளையில் என்ன நடக்கிறது என்று நேரில் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன், ஏனென்றால் கோப்பில் 'இடம்பெயர்ந்த குழந்தை' என்று இரண்டு சொல்லில் எழுதிவிடுகிறோம். மழைக்காலத்தில் வேலை இருக்காது, வீட்டில் அரிசி இருக்காது, அந்த நேரம் பார்த்து மேஸ்திரி வந்து அட்வான்ஸ் கொடுப்பார். புருஷன் பெண்டாட்டி சேர்ந்து ஒரு ஜோடி என்று கணக்கு. ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி. வெயில் ஏறுவதற்குள் அறுத்தாக வேண்டும் என்பதால் நடு ராத்திரி ஒரு மணி, இரண்டு மணிக்கே எழுந்து மண்ணில் இறங்குவார்கள். அந்த நேரத்தில் கைக்குழந்தை தூளியில் அழுதால் எழுந்து ஆட்டுவது வீட்டின் மூத்த பெண், அவளுக்கு ஒன்பதோ பத்தோ வயது இருக்கும். விடிந்தால் தண்ணீர் எடுப்பது அவள், கஞ்சி காய்ச்சுவது அவள், பகலில் காய்கிற பச்சைக் கல்லைத் திருப்பிப் போடுவதும் அவளும் அவள் தம்பியும்தான். யாரும் அவளை வேலைக்குச் சேர்க்கவில்லை, எந்தப் பதிவேட்டிலும் அவள் பெயர் இல்லை, ஆனால் அவள் செய்யாவிட்டால் அந்த ஜோடியால் கணக்கு முடிக்க முடியாது. பட்ட அட்வான்ஸ் தீராது. தீராவிட்டால் அடுத்த வருஷமும் அதே சூளை. கொத்தடிமை முறையை ஒழிக்க 1976-லேயே சட்டம் போட்டோம், அதற்கு அடுத்த வருஷங்களில் பிறந்த பிள்ளைகளின் பிள்ளைகளை நான் இந்தச் சூளைகளில் பார்த்திருக்கிறேன்.

பையனும் போகிறான்தானே, ஏன் பெண்ணை மட்டும் பேசுகிறாய் என்று கேட்கலாம். போகிறான், அவன் படிப்பும் கெடுகிறது, அவனுக்கும் சேர்த்துத்தான் இந்த மடல். ஆனால் ஊரில் பாட்டி இருந்தால் பையனை விட்டுவிட்டுப் போவார்கள், பெண்ணை விடமாட்டார்கள். ஒரு தாய் என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "டீச்சர், வயசுப் பொண்ண ஆருகிட்ட வுட்டுட்டுப் போறது? கதவே இல்லாத ஊட்ல." அவர்கள் குடிசைக்கு உண்மையிலேயே கதவு இல்லை, ஒரு தட்டிதான். நான் பதில் சொல்ல முடியாமல் திரும்பி வந்தேன். படிப்பின் அருமை தெரியாதவர்கள் என்று இவர்களைப் பற்றிப் பேசும் கூட்டங்களில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். அந்த அம்மாவுக்கு அருமை தெரியும். அவளிடம் இல்லாதது ஒரு கதவு.

வயதுக்கு வந்த பெண்ணைச் சூளையில் வைத்திருப்பதும் பயம், ஊரில் விடுவதும் பயம். அதனால்தான் பதினைந்து பதினாறில் கல்யாணம் முடித்து அனுப்பிவிடுகிறார்கள். அவளும் புருஷனும் அடுத்த பொங்கலுக்கு ஒரு புது ஜோடியாகச் சூளைக்குப் போகிறார்கள். 2006-இன் குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்தைக் காட்டி நாம் ஒரு கல்யாணத்தை நிறுத்தலாம், நானே இரண்டு முறை 1098-க்குச் சொல்லி நிறுத்தியிருக்கிறேன், ஆனால் நிறுத்திய பிறகு அந்தப் பெண் எங்கே இருப்பாள் என்பதற்கு நம்மிடம் விடை இல்லாவிட்டால் ஆறு மாதம் கழித்து வேறு ஊரில் வைத்து நடக்கும். ஒன்று அப்படித்தான் நடந்தது.

இப்போது உங்களிடம் வருகிறேன்.

இந்த மாநிலம் பள்ளிப் பிள்ளைகளுக்குச் செய்திருப்பதை நான் சிறிதும் குறைத்துச் சொல்ல மாட்டேன். 1956-இல் காமராசர் தொடங்கிய மதிய உணவும், 1982-இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவும் இல்லையென்றால் நான் சொல்லும் குடியிருப்புகளில் முதல் தலைமுறையே பள்ளி வாசலை மிதித்திருக்காது. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி அடுத்த வருஷமே எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்த காலை உணவைப் பார்த்து எங்கள் பள்ளியின் சமையல் அம்மா அழுதாராம், பசியோடு வரும் பிள்ளைகளை அவருக்குத்தான் அதிகம் தெரியும். இல்லம் தேடிக் கல்வியை 2021 அக்டோபரில் எங்கள் மரக்காணம் பக்கத்திலிருந்துதான் தொடங்கினீர்கள், கொரோனாவில் எழுத்து மறந்த பிள்ளைகளை அதன் தன்னார்வலர்கள் திரும்ப உட்கார வைத்ததை நான் கண்ணால் பார்த்தேன். அரசுப் பள்ளியில் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் கொடுக்கும் புதுமைப் பெண் திட்டம், மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரின் பெயரில் இருந்த திருமண உதவித் திட்டத்தை உயர்கல்விக்குத் திருப்பிய திட்டம், அந்த மாற்றம் எவ்வளவு பெரிய மாற்றம் என்று எனக்குப் புரிகிறது. உயர்கல்வியில் சேருபவர் விகிதம் நாட்டில் 28 சதவீதமாக இருந்தபோது நமக்கு 47. இதில் என் மாணவிகளும் இருக்கிறார்கள் என்று எனக்குப் பெருமைதான்.

ஆனால் ஆயிரம் ரூபாய் பன்னிரண்டு முடித்தவளுக்கு. சைக்கிள் பதினொன்றாம் வகுப்புக்கு வந்தவளுக்கு. நான் சொல்லும் பெண் எட்டாவதோடு நிற்கிறாள். அவள் நிற்கும் இடத்துக்கும் நீங்கள் உதவி வைத்திருக்கும் இடத்துக்கும் நடுவே இரண்டிலிருந்து நான்கு வருஷம் இருக்கிறது, அந்த வருஷங்களைத் தாண்டத்தான் அவளுக்கு வழி இல்லை.

சைக்கிளையே எடுத்துக்கொள்வோம். நடுநிலைப் பள்ளி ஊரில் இருக்கிறது, நடந்து வந்துவிடலாம், கல்வி உரிமைச் சட்டத்தின் மூன்று கிலோமீட்டர் கணக்கும் எட்டாவதோடு முடிகிறது. உயர்நிலைப் பள்ளி ஐந்து ஆறு கிலோமீட்டர் தள்ளி. பஸ் பாஸ் இருக்கிறது, பஸ் காலையில் ஒன்று, அது வராத நாளும் உண்டு, சவுக்குத் தோப்பு நடுவே போகும் ரோட்டில் பதிநான்கு வயதுப் பெண் மழைக்காலத்தில் ஐந்தரை மணிக்குத் தனியாக நடக்க வேண்டும். சைக்கிள் அந்த ஒன்பதாம் வகுப்பில்தான் வேண்டும். பீகாரில் 2006-லிருந்து ஒன்பதாம் வகுப்புக்குப் போகும் பெண்களுக்குச் சைக்கிள் கொடுத்தார்கள். கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் பக்கத்து ஜார்க்கண்டோடு ஒப்பிட்டுப் பார்த்து, உயர்நிலைப் பள்ளியில் பெண்கள் சேர்வது 32 சதவீதம் கூடியது, ஆண் பெண் இடைவெளி 40 சதவீதம் குறைந்தது என்று எழுதியிருக்கிறார்கள். வங்கதேசம் 1994-லேயே கிராமப்புறப் பெண்களுக்கு ஆறாம் வகுப்பிலிருந்தே உதவித்தொகை கொடுக்க ஆரம்பித்தது, முக்கால் பங்கு நாள் வருகை இருக்க வேண்டும், பத்தாவது முடிக்கும் வரை கல்யாணம் ஆகக் கூடாது என்ற நிபந்தனையோடு. பள்ளியை விட்டு நிற்கும் வயதுக்கு முன்னாலேயே பணம் போய்ச் சேர்கிறது, பாருங்கள். நம்மிடம் பணமும் இருக்கிறது, சைக்கிளும் இருக்கிறது. பழங்குடிக் குடியிருப்புப் பெண் பிள்ளைகளுக்கு மட்டுமாவது அதை இரண்டு வருஷம் முன்னால் கொண்டுவந்து கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

சரி, சூளைக்கே திரும்புகிறேன், ஏனென்றால் சைக்கிள் வேண்டுமென்றாலும் ஒன்பதாவதுக்கு அவள் வந்து சேர வேண்டுமே.

பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்பு நான் பணியில் இருந்த காலத்தில் பெரும்பாலும் ஏப்ரல், மே மாதங்களில் நடந்தது. ஆண்டு விடுமுறை, ஆசிரியர்களுக்கும் நேரம் இருக்கும், நியாயம்தான். ஆனால் ஏப்ரல், மேயில் இருளர் குடியிருப்பில் யார் இருக்கிறார்கள்? படுத்த படுக்கையாக ஒரு பாட்டியும் இரண்டு நாயும். நான் படிவத்தை எடுத்துக்கொண்டு போய் தட்டி மூடிய குடிசைகளைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறேன். பதிவேட்டில் பெயர் இருப்பதால் அந்தப் பிள்ளை 'படிக்கும் குழந்தை'. தொடர்ந்து வராவிட்டால், எமிஸ் என்ற மாணவர் விவரக் கணினிப் பதிவில் 'காமன் பூல்' என்ற, எந்தப் பள்ளியிலும் இல்லாதவர்கள் பட்டியலுக்குத் தள்ளப்படுவாள், ஜூலையில் வந்ததும் நாங்களே திரும்ப எடுத்துச் சேர்த்துக்கொள்வோம். இடையில் இருந்த ஆறு மாதம் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. இதில் நானும் பங்காளி. பெயரை நீக்கினால் மேலிருந்து விளக்கம் கேட்பார்கள் என்று, பிப்ரவரியில் இல்லாத பிள்ளையை இருப்பதாகவே நானும் பல வருஷம் வைத்திருந்தேன். அதை நினைத்தால் இப்போதும் மனசு கனக்கிறது, ஏனென்றால் நான் அன்றே சரியாக எழுதியிருந்தால் எத்தனை பிள்ளை போகிறது என்பது யாருக்காவது தெரிந்திருக்கும்.

கணக்கெடுப்பை நவம்பருக்கு மாற்றுங்கள். மேஸ்திரி அட்வான்ஸ் கொடுத்ததுமே எந்த வீடு எந்தச் சூளைக்குப் போகிறது என்று ஊருக்கே தெரிந்துவிடும், ஒரே சாயங்காலத்தில் பட்டியல் எடுத்துவிடலாம்.

பட்டியல் எடுத்து என்ன செய்வது? பிள்ளையை ஊரிலேயே இருத்த வேண்டும். மகாராஷ்டிரத்தில் பீட் மாவட்டத்திலிருந்து கரும்பு வெட்டப் போகும் குடும்பங்களின் பிள்ளைகளுக்காக ஊரிலேயே பருவகால விடுதி நடத்துகிறார்கள், ஒடிசாவில் பொலாங்கீர், நுவாபாடா பக்கமும் அப்படித்தான். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்திலேயே இதற்கு இடம் இருக்கிறது. அந்தத் திட்டத்துக்கு மத்திய அரசு 2024-25-க்குத் தர வேண்டிய 2,152 கோடி ரூபாயை, பி.எம். ஸ்ரீ என்ற மத்திய அரசின் மாதிரிப் பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்துப் போடவில்லை என்று நிறுத்தி வைத்தது எனக்குத் தெரியும், அந்தச் சண்டையில் நியாயம் தமிழ்நாட்டின் பக்கம்தான் என்பது என் கருத்து. ஆனால் நான் கேட்கும் விடுதிக்குப் பெரிய கட்டடம் வேண்டாம். ஊர்ப் பள்ளியிலேயே இரண்டு வகுப்பறை, சுற்றுச்சுவர், விளக்கு, தாழ்ப்பாள் உள்ள கழிப்பறை, ராத்திரி தங்க இரண்டு பெண்கள். அந்தப் பெண்களில் ஒருவராவது அதே குடியிருப்பைச் சேர்ந்தவராக இருக்கட்டும், இருளர் பெண்களிலேயே பத்தாவது பன்னிரண்டாவது முடித்தவர்கள் இப்போது இருக்கிறார்கள், அவர்களுக்கும் ஒரு சம்பளம் ஆகும். தங்கள் ஜனத்துப் பெண் ஒருத்தி கூட இருக்கிறாள் என்றால்தான் அம்மா பிள்ளையை விடுவாள். வெளியூர் வார்டனை நம்பி விடமாட்டாள், நானாக இருந்தாலும் விடமாட்டேன். கைக்குழந்தைக்குப் பதில் சொல்லாமல் அக்காவை மட்டும் கேட்டாலும் நடக்காது. தூளியை ஆட்ட ஆள் வேண்டுமே. அதனால் சூளையிலேயே குழந்தைகள் மையம் ஒன்று இயங்க வேண்டும், அங்கன்வாடிப் பணியாளர் ஒருவரை அந்த ஆறு மாதத்துக்குச் சூளைப் பகுதிக்கு அனுப்பலாம்.

இதைச் சொன்னால் கஸ்தூரிபா காந்தி பாலிகா வித்யாலயா இருக்கிறதே, அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி இருக்கிறதே என்பீர்கள். இருக்கின்றன, கஸ்தூரிபா பள்ளிகள் 2004-லிருந்து எத்தனையோ பெண்களைக் காப்பாற்றியிருக்கின்றன. நான் என் மாணவிகளில் நான்கு பேரை அப்படி ஓர் உறைவிடப் பள்ளியில் கூட்டிக்கொண்டு போய்ச் சேர்த்தேன், பெயர் சொல்ல விரும்பவில்லை. மூன்று பேர் முதல் வருஷத்தோடு நின்றுவிட்டார்கள். ஏன் தெரியுமா? மே மாதம் விடுதியைப் பூட்டுவார்கள். பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்புவார்கள். வீட்டில் யாரும் இல்லை, அம்மா அப்பா சூளையில். பிள்ளையும் சூளைக்குத்தான் போகும். சூளையில் மே மாதம்தான் வேலை உச்சம். ஜூன் முதல் வாரம் விடுதி திறக்கும்போது அங்கே இன்னும் கணக்கு முடிந்திருக்காது, முடியாமல் யாரையும் வெளியே விடமாட்டார்கள். ஜூலையில் அந்தப் பிள்ளை திரும்பிப் போனால், இடம் வேறு பிள்ளைக்குக் கொடுத்தாயிற்று என்று பதில் வந்தது. விடுமுறை என்றால் பிள்ளைகள் வீட்டுக்குப் போவார்கள் என்று நினைத்துத்தான் விடுதியின் நாட்காட்டியை எழுதியிருக்கிறோம். அந்த வீடு ஜனவரியிலிருந்து ஜூன் வரை சூளையில் இருக்கிறது. சூளைப் பிள்ளைகள் இருக்கும் விடுதிகளை மட்டுமாவது மே மாதம் திறந்து வைக்க ஓர் அரசாணை போதும், அந்த மாதத்து அரிசி பருப்புச் செலவு போதும். இந்த மடலில் நான் கேட்பதிலேயே மிகச் சுலபமானது இதுதான், இதை மட்டும் செய்தாலும் அடுத்த ஜூனிலேயே வித்தியாசம் தெரியும்.

எவ்வளவு செய்தாலும் சில பிள்ளைகள் சூளைக்குப் போகத்தான் போகிறார்கள். அங்கே பக்கத்தில் இருக்கும் பள்ளி அவர்களை உடனே சேர்த்துக்கொள்ள வேண்டும், மாற்றுச் சான்றிதழ் வரவில்லை என்பதைக் காரணம் காட்டிச் சேர்க்கையைத் தள்ளிப்போடவோ மறுக்கவோ கூடாது என்று 2009-இன் கல்வி உரிமைச் சட்டத்தின் ஐந்தாவது பிரிவு தெளிவாகச் சொல்கிறது. வயதுச் சான்று இல்லை என்றும் மறுக்கக் கூடாது, அது பதினான்காவது பிரிவு. நானே ஒருமுறை ஒரு குடும்பத்தோடு சூளைப் பக்கத்துப் பள்ளி ஒன்றுக்குப் போனேன். "ஜூன்ல வந்து சேருங்க, இப்ப நடுவுல எமிஸ் மாத்த முடியாது" என்றார்கள். எமிஸ் எண்ணை மாற்றுவது ஐந்து நிமிட வேலை என்று என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அவர்களும் கெட்டவர்கள் இல்லை, ஜனவரியில் திடீரென்று இருபது பிள்ளை வந்தால் உட்கார இடம், சோறு, ஆசிரியர் எல்லாம் யார் தருவது என்ற பயம். அந்தப் பள்ளிகளுக்கு ஜனவரி முதல் ஜூன் வரை கூடுதல் ஆசிரியரையும் கூடுதல் உணவு ஒதுக்கீட்டையும் முன்கூட்டியே கொடுத்துவிட்டால் அவர்களே கூப்பிட்டுச் சேர்ப்பார்கள்.

திருவள்ளூர் மாவட்டத்துச் சூளைகளுக்கு ஒடிசாவிலிருந்து வரும் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு, ஒடியா மொழிப் புத்தகங்களை வரவழைத்து, ஒடியா பேசும் ஆசிரியர்களை வைத்து, சூளைப் பகுதியிலேயே பாடம் நடத்தியிருக்கிறார்கள். மாவட்ட நிர்வாகமும் தொண்டு நிறுவனமும் சேர்ந்து செய்த வேலை. ஆயிரம் கிலோமீட்டர் தள்ளியிருந்து வந்த பிள்ளைக்கு அதன் தாய்மொழியில் பாடம் கொடுக்க முடிந்திருக்கிறது என்றால் நூற்றைம்பது கிலோமீட்டருக்குள் இருந்து வரும் பிள்ளைக்குத் தமிழில் கொடுக்க முடியாதா? அதற்கு ஓர் ஏற்பாடு தேவை, அவ்வளவுதான்: விழுப்புரம் அனுப்பும் பட்டியல் செங்கல்பட்டுக்கும் திருவள்ளூருக்கும் டிசம்பருக்குள் போய்ச் சேர வேண்டும்.

அப்புறம் சாதிச் சான்றிதழ். இதை எழுதாமல் முடிக்க முடியாது, இதில் பள்ளிக் கல்வித்துறையைவிடப் பழங்குடியினர் நலத்துறையும் வருவாய்த்துறையும்தான் கேட்க வேண்டும்.

1989 நவம்பரிலிருந்து பழங்குடியினருக்குச் சான்றிதழ் தருவது தாசில்தார் கையிலிருந்து கோட்டாட்சியர் கைக்குப் போனது. போலிகள் வாங்கிவிடக் கூடாது என்பதற்காக, அந்தக் காரணம் நியாயமானது. விளைவு என்னவென்றால் உண்மையான பழங்குடிக்கே கிடைப்பதில்லை. அப்பாவிடம் சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்பார்கள், அப்பா பள்ளிக்கே போனதில்லை, அவரிடம் எப்படி இருக்கும்? நிலப்பத்திரம் கேட்பார்கள், ஓடைப் புறம்போக்கில் இருப்பவனிடம் என்ன பத்திரம்? திண்டிவனத்தில் பேராசிரியர் பிரபா கல்விமணி போன்றவர்கள் பல வருஷமாக இதற்காகவே போராடி வருகிறார்கள், அவர்கள் இல்லாவிட்டால் இங்கே பலருக்கு இந்தக் காகிதமே கிடைத்திருக்காது. நான் ஒரு மாணவியோடு ஓர் அலுவலகத்துக்கு ஏழு முறை நடந்தேன். பத்தாவதில் 412 மதிப்பெண் எடுத்த பிள்ளை. விசாரணைக்கு வந்தவர் அவளிடம், பாம்பு பிடிக்கத் தெரியுமா, எலி பிடிப்பீர்களா என்று கேட்டார். பள்ளிச் சீருடையில் நின்றுகொண்டு அவள் அழுதாள். ஏழாவது முறை போனபோது அந்த வருஷத்துச் சேர்க்கையே முடிந்திருந்தது, அவள் அந்த வருஷம் சூளைக்குப் போனாள். அதற்கு அடுத்த வருஷம் சான்றிதழ் வந்தது, அவள் வரவில்லை.

ஒன்றாம் வகுப்பில் சேரும்போதே, பள்ளியிலேயே முகாம் போட்டு, கோட்டாட்சியரே குடியிருப்புக்கு வந்து, ஒரே நாளில் எல்லாப் பிள்ளைக்கும் கொடுத்துவிட்டுப் போனால் என்ன? அண்ணனுக்குக் கொடுத்தாயிற்று என்றால் தங்கைக்கு மறுபடி விசாரணை எதற்கு? மனசுள்ள அதிகாரிகள் வந்தபோது இப்படி வீடு தேடிக் கொடுத்ததும் உண்டு, அந்த வருஷங்களில் பிள்ளைகள் மேலே படிக்கப் போனதும் உண்டு. அதிகாரி மாறினால் நின்றுவிடுகிறது. மனசுள்ள ஒருவர் வரும் வரை காத்திருக்க வேண்டாத முறை ஒன்றை எழுதி வையுங்கள்.

இதெல்லாம் நடந்தால் யார் வருவார்கள் என்று எனக்குத் தெரியும். 2023-இல் வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரண்டு இருளர்களுக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள், பாம்பு பிடிக்கும் திறமைக்காக. நம் மருத்துவமனைகளில் பாம்புக்கடிக்குப் போடும் மருந்துக்கான விஷத்தை எடுத்துத் தருவதில் வடநெம்மேலியில் இருக்கும் இருளர் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பெரிய பங்கு இருக்கிறது. அந்த நுட்பமான கண்ணும் கையும் உள்ள ஜனங்களின் பெண் பிள்ளைகள் நர்ஸாக, ஆய்வுக்கூடத்தில், ஆசிரியையாக வர முடியாது என்று யார் சொல்வது? என்னிடம் படித்த ஒருத்தி இன்று நர்ஸ். அவள் வீட்டில் சூளைக்குப் போகாமல் பிடித்து நிறுத்த ஒரு சித்தி இருந்தாள், அவ்வளவுதான் வித்தியாசம். நான் மேலே எழுதியிருக்கும் விடுதி, அந்தச் சித்தி இல்லாத பிள்ளைகளுக்கு.

இந்த மடலைத் தீபாவளி முடிந்த வாரத்தில் எழுதுகிறேன். எங்கள் ஊருக்கு மேஸ்திரி வந்துவிட்டுப் போய்விட்டார், அட்வான்ஸ் கொடுத்தாயிற்று. பொங்கலுக்கு இன்னும் இரண்டரை மாதம் கூட இல்லை. நேற்று சாயங்காலம் குடியிருப்பில் வீடு வீடாகப் போய் ஒரு நோட்டில் எழுதி வந்தேன். ஒன்றாவதிலிருந்து எட்டாவது வரை சூளைக்குப் போகவிருக்கும் பிள்ளைகள் 23 பேர், அதில் பெண்கள் 14. வகுப்பு, வயது, எமிஸ் எண், எந்த மாவட்டத்துச் சூளை, கூட எத்தனை சின்னக் குழந்தைகள், சாதிச் சான்றிதழ் இருக்கிறதா இல்லையா, எல்லாம் இருக்கிறது. பெயர்களை இங்கே எழுத மாட்டேன், அது முறையில்லை. வட்டாரக் கல்வி அலுவலகத்திலிருந்தோ, மாவட்டத் திட்ட அலுவலகத்திலிருந்தோ, பழங்குடியினர் நலத்துறையிலிருந்தோ ஒருவர் வந்தால் நோட்டைக் கொடுத்து, குடியிருப்புக்கும் நானே கூட்டிக்கொண்டு போகிறேன். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வாருங்கள், அப்போதுதான் எல்லாரும் வீட்டில் இருப்பார்கள். டிசம்பருக்குள் வாருங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியை,
விழுப்புரம் மாவட்டம்